பேப்பரில் வந்தால்தான் நம்புவோம்

ஃபிளெக்ஸ் பேனரில் போடுவதற்கு ஒரே ஒரு வருஷம் கேட்டேன். அதற்கு நாலு தோழர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். அந்தச் சண்டையின் நடுவில்தான் எனக்கு இந்த யோசனை வந்தது.

நடந்தது நன்னிலத்தில், கட்சி ஆபீஸில். கட்சிப் பத்திரிகைக்கு ஆண்டு விழா, பேனரை நீ டிசைன் பண்ணிக் கொடும்மா என்று கூப்பிட்டிருந்தார்கள். நான் கட்சி உறுப்பினர் இல்லை. சென்னையில் பார்த்த ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன், கையில் லேப்டாப் இருக்கிறது, கூப்பிட்டால் ஓடி வருவேன். இந்த மூன்று தகுதி அவர்களுக்குப் போதும்.

"நம்ம தாலுகாவுக்குப் பேப்பர் எந்த வருஷத்துலேர்ந்து வருதுங்க?"

"பெரிய புயலுக்கு முன்னாடியே வந்துச்சும்மா."

"அது வாரப் பத்திரிகையா இருந்தப்ப. தினசரி ஆனதுக்கப்புறம்தான் கணக்கு."

"உனக்கு என்னய்யா தெரியும்? நீ அப்ப ஆளுங்கட்சி மாநாட்டுல பிரியாணி தின்னுக்கிட்டிருந்த."

"பிரியாணி தின்னா கண்ணு அவிஞ்சா போயிடும்? பஸ் ஸ்டாண்டுல பண்டல் வந்து விழுந்ததை நான் பார்த்தேன்யா."

நாலாமவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், போக்குவரத்துச் சங்கத்துக்காரர். அதுவரை டீயை ஊதிக்கொண்டிருந்தவர், "விழுந்ததைப் பார்த்தியா? போட்டவனே நான்தான்" என்றார். "வருஷம்தான் ஞாபகமில்ல. பேசாம 'எப்பவோ வந்தது'ன்னு போட்டுரும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் உள்ளே ஏதோ பரபரவென்று ஆகிவிட்டது. பத்திரிகையின் வரலாறு ஏற்கெனவே இருக்கிறது. யார் தொடங்கினார்கள், யார் சிறைக்குப் போனார்கள், அச்சு இயந்திரம் எப்படி வாங்கினார்கள் என்று விழா மலர்களில் எல்லாம் உண்டு. ஆனால் அந்த வரலாறு அச்சகத்து வாசலோடு நின்றுவிடும். அங்கிருந்து பேப்பர் பஸ் ஏறி, இங்கே இறங்கி, சைக்கிள் கேரியரில் கிராமத்துக்குப் போய், படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படிக்க, ஒரு தெருவே உட்கார்ந்து கேட்டதே, அந்த வரலாற்றை யார் எழுதினார்கள்? நான் எழுதுகிறேன் என்று அங்கேயே ஒரு ஃபைலைத் திறந்துவிட்டேன். பேனர் அன்றைக்கு முடியவில்லை.

கண்டக்டரைத்தான் முதலில் பிடித்தேன். அவருக்கும் சொல்ல ஆள் வேண்டியிருந்தது போல. அந்தக் காலத்தில் பண்டல்கள் தஞ்சாவூரிலிருந்து திருவாரூருக்கு ஒரே பஸ்ஸில் வரும். திருவாரூர் ஸ்டாண்டில் சங்கத்து ஆட்கள் பண்டல் மேல் ஒட்டிய ஊர்ச்சீட்டைப் பார்த்து நன்னிலம், முத்துப்பேட்டை என்று பிரித்து அந்தந்த பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். செய்தி போகிற வழி இதற்கு நேர் எதிர். இங்கே எழுதிய செய்தியைக் கவரில் போட்டு, சாயங்காலம் நாலு மணி பஸ்ஸில் சங்கத்துக் கண்டக்டர் கையில் கொடுப்பார்கள். அவர் அதைத் தஞ்சாவூர் ஆபீஸில் சேர்ப்பார். அங்கிருந்து டிரங்க் கால் போட்டு அச்சகத்துக்கு வாசித்துக் காட்டுவார்கள்.

"ஆளு டிக்கெட் எடுக்கணும். செய்தி எடுக்க வேண்டாம்" என்றார் பெருமையாக.

பழைய இதழ்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். தஞ்சாவூர் ஆபீஸில் இருந்த கட்டுகள் ஒரு வெள்ளத்தில் ஊறிப் போயின. தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டால், இடம் மாறியபோது சில வருஷத்துக் கட்டுகள் தொலைந்துவிட்டன என்றார்கள். எனக்கு வேண்டியவை சரியாக அந்த வருஷங்கள்.

"முத்துப்பேட்டையில ஒரு பாய் ஏஜென்டா இருந்தாரு. அங்க போய்ப் பாரு" என்றார் கண்டக்டர். "விக்காத பேப்பரை எல்லா ஏஜென்டும் எடைக்குப் போட்டுருவான். அவரு போட மாட்டாரு. போட விட மாட்டாங்க."

காரணம் ஒரு கருவாட்டுச் சண்டை. அந்த பாய் வைத்திருந்தது மளிகைக்கடை, கூடவே கருவாடும் விற்பார். ஒருநாள் மிஞ்சிய பேப்பரில் சென்னாக்குன்னி என்கிற காய்ந்த பொடி இறாலை மடித்துக் கொடுத்திருக்கிறார். வாங்கிப் போன தோழர் பாதி வழியில் பொட்டலத்தைப் பார்த்தால், தலைவரின் நினைவுநாள் படம். திரும்பி வந்து கடை வாசலில் நின்றுகொண்டு, "எங்க தலைவர் மூஞ்சியில குன்னி மடிச்சிருக்கீங்களே பாய்!" என்று ஒரே கூச்சல்.

"பின்ன எதுல மடிக்கிறது?"

"மத்த கட்சிப் பேப்பரே இல்லாமப் போச்சா? அதுல மடிங்க!"

அன்றிலிருந்து மற்ற கட்சிகளின் பேப்பரெல்லாம் கல்லாவுக்குப் பக்கத்தில், இந்தப் பேப்பர் மட்டும் பரணில். எடைக்குப் போட்டால் அது இன்னொரு கடையில் பொட்டலமாகும், அதற்கும் தன்னிடம்தான் சண்டைக்கு வருவார்கள் என்று அவருக்குப் பயம்.

நான் சிரித்து முடிப்பதற்குள் கண்டக்டர் சாதாரணமாகக் கேட்டார். "ஆமா, என்னைப் போட்டுக் குடையிறியே, உங்க அப்பாகிட்ட கேக்க வேண்டியதுதானே? அப்ப நம்ம தாலுகா நிருபர் அவர்தானே?"

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

வீட்டுக்கு வந்தேன். அப்பா மொபெட்டின் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் நூலகத்துக்குப் போய் எல்லாப் பேப்பரும் படிப்பார், அந்த ஒன்றைத் தவிர. சலூனில் காத்திருக்கும்போது அது கைக்கு வந்தால் மடித்துக் கவிழ்த்து வைத்துவிடுவார். ஏதோ அரசியல் கோபம் என்று நான் நினைத்திருந்தேன்.

"அப்பா, நீங்க பேப்பருக்கு நிருபரா இருந்தீங்களா?"

"யாரு சொன்னா? கண்டக்டரா? அந்த ஆளுக்கு வாய் சும்மா இருக்காதே."

பிளக்கை ஊதினார். மறுபடி தேய்த்தார். தேய்க்க ஒன்றும் மிச்சமில்லாதபோதுதான் சொன்னார்.

அப்போது அப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் தெருவில் பத்தாவது பாஸ் செய்த முதல் ஆள் அவர். குறுவை அறுவடை சமயம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது, வயலில் ஆள் இல்லை. தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது தாலுகா ஆபீஸில் பேச்சுவார்த்தை முடிந்து மத்தியானம் கையெழுத்தானது. கேட்டது அனேகமாகக் கிடைத்துவிட்டது. அப்பா அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்து செய்தியை எழுதினார். எழுதி முடித்தவர் கடைசியாக இன்னும் ஒரு பாரா சேர்த்தால் நன்றாயிருக்கும் என்று உட்கார்ந்தார். அந்தப் பாரா முடிவதற்குள் நாலு மணி பஸ் போய்விட்டது. அடுத்து வந்தது ஒரு பிரைவேட் பஸ். அதன் கண்டக்டர் யார், என்ன என்று தெரியாது. வேறு வழியில்லாமல் அவர் கையில் கவரைக் கொடுத்தார்.

அப்புறம் சைக்கிளில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த தெருவுக்குப் போனார். மற்ற ஊர்க்காரர்கள் தாலுகா ஆபீஸ் வாசலிலேயே இருந்தார்கள், அவர்களுக்குத் தெரியும். அக்கரைக்கு யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.

"கையெழுத்தாயிடுச்சு, நாளைக்கு அறுப்புக்கு இறங்கலாம்னு சொன்னேன். அங்க பெண்களைக் கொத்தாச் சேர்த்து அறுப்புக்குக் கூட்டிட்டுப் போற ஒரு அம்மா இருந்தாங்க. 'ரொம்ப சந்தோஷம் தம்பி, பேப்பர்ல வரட்டும், இறங்கிடுறோம்'னாங்க."

"நீங்கதானே பேப்பர்!"

"அதைத்தான் நானும் சொன்னேன். 'நீங்க எழுதுறவரு. எழுதுறது வேற, அதுல வர்றது வேற'ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன்."

அவர்கள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய போராட்டத்தில் பண்ணையார்கள் யாரோ ஒருவனுக்குச் சிவப்புத் துண்டைப் போட்டு அனுப்பி, வேலைநிறுத்தம் முடிந்தது என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். அதை நம்பி இறங்கியவர்களுக்குப் பழைய கூலிதான் கிடைத்தது. அதற்குப் பிறகு சங்கம் ஒரு ஏற்பாடு செய்தது. யார் வந்து சொன்னாலும் நம்பாதீர்கள், நம்ம பேப்பரில் வந்தால்தான் நம்ப வேண்டும். தெருத் தெருவாகப் போய் இதைச் சொல்லிவிட்டு வந்தவர் அப்பாதான்.

மறுநாள் நன்னிலத்துக்குப் பேப்பர் வரவில்லை. பண்டல் தவறுவது அடிக்கடி நடப்பது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு அடுத்த நாள் பேப்பர் வந்தது. லேட்டாகப் போன கவர் அதில்தான் வரும் என்று அப்பா நினைத்திருந்தார். எல்லாப் பக்கமும் புரட்டியாயிற்று, உடன்பாட்டுச் செய்தி இல்லை. அக்கரைத் தெரு இறங்கவில்லை. அன்று பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. சாய்ந்து கிடந்த கதிர் தண்ணீரில் கிடந்து முளைவிட்டது. அறுத்தால் அன்றைக்கே களத்தில் அளந்து போடுவதுதான் கூலி. அறுக்க ஒன்றுமில்லை என்றால் அளக்கவும் ஒன்றுமில்லை. மற்ற ஊரெல்லாம் கூட்டிய கூலியோடு தீபாவளி கொண்டாட, அந்தத் தெருவில் மட்டும் அடுப்பு மந்தமாக எரிந்தது.

அப்பா முடிவு கட்டிவிட்டார். கவர் போய்ச் சேரவில்லை. ஒரு பாராவுக்கு ஆசைப்பட்டு நாலு மணி பஸ்ஸை விட்டதால் ஒரு தெருவின் நெல் போயிற்று. அதோடு எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"யாராவது திட்டுனாங்களா?"

"யாரும் ஒரு வார்த்தை கேக்கல. டீக்கடையில ஒருத்தன் மட்டும் 'என்ன நிருபரே, செய்தி பஸ் ஏறிடுச்சா?'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். விளையாட்டாத்தான்."

"தஞ்சாவூர் ஆபீஸ்ல ஒரு போன் போட்டு, கவர் வந்துச்சான்னு கேட்டிருக்கலாமேப்பா."

"கேட்டு, வரலைன்னு சொல்லிட்டா?"

முத்துப்பேட்டைப் பரணைப் பற்றிச் சொன்னேன். அப்பா உப்புத்தாளை நாலாக மடித்தார்.

"அந்தத் தேதி பேப்பர் கிடைச்சு, அதுல செய்தி இல்லன்னா என்ன பண்ணுவ?"

"சொல்ல மாட்டேன்."

"நீ சொல்லலைன்னாலே இல்லைன்னு தெரிஞ்சுடும்ல." பிளக்கைத் திரும்ப மாட்டிக்கொண்டே, "போறதுன்னா போ. என்னைக் கேட்டுக்கிட்டுப் போகாத" என்றார்.

திருத்துறைப்பூண்டியில் பஸ் மாறும்வரை எனக்கு ஒரே உற்சாகம். மாறி உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன். வரலாறு எழுதுகிறேன் என்று குதித்தவள், அப்பாவின் தப்புக்குச் சாட்சி தேடிக்கொண்டு போகிறேனா? பாதியில் இறங்கி, பரணில் கரையான் அரித்துவிட்டது என்று பொய் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். இறங்கவில்லை. இறங்கியிருந்தாலும் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

மளிகைக்கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. அந்த பாயின் மகன் நடத்துகிறார். துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். விஷயத்தைச் சொன்னதும் கையெடுத்துக் கும்பிடாத குறை.

"எடுத்துட்டுப் போங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். வருஷா வருஷம் நோன்புக்கு முன்னாடி வீட்டுக்காரி பரணைக் காலி பண்ணச் சொல்லி என்னை வறுத்தெடுக்குறா."

"எடைக்குப் போட்டிருக்கலாமே, பாய்?"

"வாப்பா சொல்லிட்டுப் போனாங்க. அந்தக் கட்சிக்காரங்க ஒருநாள் வந்து கேப்பாங்க, பத்திரமா வச்சிருன்னு. நானும் கடை திறந்த நாளாப் பாக்குறேன், ரீசார்ஜ் பண்ணத்தான் வர்றாங்க."

ஏணி வைத்து அவரே ஏறினார். தூசியும் எலிப் புழுக்கையுமாகக் கட்டுகள் இறங்கின. ஒவ்வொரு தேதிக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று மிஞ்சிய இதழ்கள், வருஷ வாரியாக, காய்ந்த வேப்பிலையோடு. தும்மித் தும்மித் தேதி பார்த்தேன். அந்த ஐப்பசி வந்தது. தீபாவளிக்கு ஐந்து நாள் முன், நாலு நாள் முன். அதற்கு அடுத்த நாள் இதழ் இல்லை. நேராக அதற்கும் அடுத்தது. அதைப் புரட்டினேன். அப்பா சொன்னதுபோலவே, உடன்பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

"என்னம்மா, மூஞ்சி சுருங்கிப் போச்சு?"

"ஒரு நாள் பேப்பர் குறையுது பாய்."

"அது வித்துப் போயிருக்கும். இருங்க, மூலையில பிரிக்காத கட்டு ஒண்ணு கிடக்கு."

சணல் கட்டு அவிழ்க்கப்படாமல் ஒரு முழுப் பண்டல் வந்தது. எல்லாம் ஒரே தேதி. நான் தேடிய தேதி. மேலே ஒட்டியிருந்த பழுப்புச் சீட்டில் நீலப் பென்சிலால் ஊர் பெயர் எழுதியிருந்தது. நன்னிலம்.

பாய் கத்தரிக்கோலால் சணலை வெட்டினார். முதல் பக்கம், கீழே, இரண்டு பத்தித் தலைப்பு: நன்னிலம் வட்டத்தில் கூலி உடன்பாடு, இன்று முதல் அறுவடை. அதன் அடியில், நமது நிருபர்.

கடையிலேயே தரையில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, இருக்கு."

"எத்தனாவது பக்கம்?"

"முதல் பக்கம்."

"மேலயா, கீழயா?"

"கீழப்பா. ரெண்டு காலம்."

"படி."

படித்தேன். சார்ஜர் வாங்க வந்திருந்த இரண்டு பேர் நின்று கேட்டார்கள். பாயும் கேட்டார். கலந்துகொண்டவர்கள், ஒப்புக்கொண்ட கூலி, எந்தெந்த ஊர் என்று சுருக்கமான செய்தி. முடித்தேன்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்ப்பா."

"அவ்வளவுதானா? கடைசி பாரா?"

"இல்ல."

"வெட்டிட்டானா!" அப்பா குரலில் அப்படி ஒரு கோபத்தை நான் கேட்டதே இல்லை. "கதிரெல்லாம் உழைச்சவங்களுக்குத் தலை வணங்கி நின்னுதுன்னு எழுதியிருந்தேன்மா. எவ்வளவு யோசிச்சு எழுதுனது தெரியுமா? அந்தப் பாராவுக்காகத்தானே பஸ்ஸையே விட்டேன்! அதையே வெட்டிட்டான் பாரு."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அவரும் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. "சரி, வை. பாத்து வா" என்று அவரே வைத்துவிட்டார். அந்தப் பிரைவேட் பஸ் கண்டக்டர், யாரோ எவரோ, ஒழுங்காகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

போனை வைத்ததும் பாய்க்குக் கவலை வந்துவிட்டது. "அப்ப அந்தப் பண்டல் இங்க தப்பா வந்துச்சு, எங்க வாப்பா திருப்பி அனுப்பாம விட்டதாலதான் அந்தத் தெருவுல நெல்லு போச்சா?" நான் ஊர்ச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வேறு கையெழுத்து. 'மாறி வந்தது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் நன்னிலம் அனுப்ப வேண்டும்.' பாய் அதை வாங்கிக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். வாப்பாவின் எழுத்துதான் என்றார். மறுநாள் கடலோரத்தில் விடியுமுன்பே மழை பிடித்திருக்கும், முதல் பஸ் எங்கே ஓடியிருக்கும்? "அனுப்பத்தான் நினைச்சிருக்காங்க" என்று இரண்டு தரம் சொன்னார். எனக்காக வரவழைத்த டீ ஆறிப்போயிருந்தது, இன்னொன்று கொண்டுவரச் சொன்னார்.

ஊருக்குத் திரும்பியதும் கண்டக்டரிடம் சொன்னால், அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "திருவாரூர்ல பிரிச்சுப் போடுறது நாங்கதான். நானே மாத்திப் போட்டுட்டேனோ என்னவோ!"

"ஐயோ, நீங்க ஆரம்பிக்காதீங்க" என்றேன். "ஒருத்தரை இப்பத்தான் எழுப்பி உட்கார வச்சிருக்கேன்."

அப்பா அந்தப் பேப்பரை மேசையில் விரித்து நாலைந்து தரம் படித்தார். "மழை மழைதான். அவங்க நெல்லு போனது போனதுதான்" என்றார். அப்புறம், யாரும் கேட்காமலே, "ஆனா கவர் போயிருக்கு" என்றார். மறுநாள் காலையில் ஒரு பிரதியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மொபெட்டில் ஆற்றுப் பாலத்துப் பக்கம் போனார். நான் கூடப் போகவில்லை. மத்தியானம் வந்தவர் நன்றாகச் சாப்பிட்டார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவுமில்லை.

நேற்று என் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். ஏஜென்டுகள் பட்டியல் திறந்திருந்தது. "பாபநாசத்தை விட்டுட்டியே" என்றார். அங்கே ஒரு சைக்கிள் கடைக்காரர் ஏஜென்டாக இருந்தாராம். நாளிதழ் வருவதற்கு முன்பு, வாரப் பத்திரிகைக் காலத்து இதழ்களைக்கூட பைண்டு பண்ணி வைத்திருந்தாராம். கடை இருக்கிறதா, மூடிவிட்டார்களா தெரியாது. பைண்டு மிச்சம் இருந்தால் பேனருக்குக் கேட்ட வருஷம் அதில் கிடைக்கலாம். இல்லையென்றால் திரும்புகிற வழியில் கும்பகோணம் வரைக்கும் ஒவ்வொரு ஊராக இறங்கி விசாரிக்க வேண்டியதுதான். திங்கட்கிழமை காலை அப்பாவும் நானும் கிளம்புகிறோம். மொபெட்டில் போவதா பஸ்ஸில் போவதா என்பதுதான் இன்னும் தீரவில்லை.